சம்மட்டியும் ஓணானும் மோதியிருந்தால்

என் அண்ணனைப் பற்றிச் சொல்வதென்றால் குத்துச்சண்டையில்தான் ஆரம்பிக்க வேண்டும். அவன் யாரையும் குத்தியவன் இல்லை. கொசு வந்து உட்கார்ந்தால்கூட அடிக்காமல் ஊதி விடுகிற ஆள். ஆனால் ஹெவிவெயிட் குத்துச்சண்டை என்று பேச்செடுத்தால் உலகத்திலேயே அதைப் புரிந்துகொண்டவன் தான் ஒருவன்தான் என்று ஒரு நினைப்பு. அந்தப் பைத்தியத்தை எனக்கும் ஒட்டவைத்துவிட்டான்.

நாங்கள் வளர்ந்த காலத்தில் இரண்டு பேர் கொடிகட்டிப் பறந்தார்கள். ஒருவனுக்கு எங்கள் வீட்டில் சம்மட்டி என்று பெயர். வலது கையை ஒரு தடவை சரியாக இறக்கினால் எதிரே நின்றவன் தரையில் கிடப்பான். இன்னொருவனுக்கு ஓணான் என்று நான்தான் பெயர் வைத்தேன். தலையை ஆட்டி ஆட்டி, ஒரு குத்தும் மேலே படாமல் பன்னிரண்டு ரவுண்டையும் ஓட்டி, புள்ளிக்கணக்கில் ஜெயித்துவிட்டுப் போவான். அண்ணன் சம்மட்டி கட்சி, நான் ஓணான் கட்சி. இரண்டு பேரும் ஒரே காலத்தில் களத்தில் இருந்தார்கள், ஆனால் ஒருவரோடு ஒருவர் மோதவே இல்லை. முதல் தடவை நாள் குறித்த பிறகு சம்மட்டிக்குத் தோள்பட்டை நழுவிவிட்டது. அடுத்த தடவை ஏற்பாடு செய்தவர்களே அடித்துக்கொண்டார்கள். அதற்குள் இருவருக்கும் வயதாகி, தொப்பை விழுந்து, கையுறையைக் கழற்றி வைத்துவிட்டார்கள். மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கும் என் அண்ணனுக்கும் மட்டும் தெரியும். இரண்டு பேருக்கும் வேறு வேறு மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

நாங்கள் வேலை செய்வது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்புகள் முதலில் உருளைக்குப் போகும். உருளை என்றால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் கூண்டு, உள்ளே சூடேறிய நான்கு உருளைகள். ஈர விரிப்பின் ஓரத்தை இழுத்துப் பிடித்து ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் இஸ்திரி போட்டு வரும். வந்ததை மேசையருகே இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலை. உதறி, பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, ஒருவர் தன் மூலைகளை மற்றவர் கையில் கொடுப்பார். ஒரு விரிப்புக்கு நான் கொடுத்தால் அடுத்த விரிப்புக்கு அவன் கொடுப்பான். கை வலி ஒரு பக்கமே சேராமல் இருக்க அப்படி ஒரு வழக்கம்.

எங்கள் சண்டையும் அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. மூலைகளைக் கையில் வாங்கியவருக்குப் பேச்சு. அடுத்த விரிப்பு மடிந்து முடிகிறவரை அவர் பேசலாம், மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. பன்னிரண்டு விரிப்பு ஒரு கட்டு. பன்னிரண்டு ரவுண்டு ஒரு சண்டை. ஒரு நாளைக்கு நாற்பது கட்டு மடிப்போம். கணக்குப் போட்டுப் பாருங்கள், சம்மட்டியும் ஓணானும் எங்கள் கையில் எத்தனை ஆயிரம் தடவை மோதியிருப்பார்கள் என்று.

இதை அண்ணன் சும்மா ஆரம்பிக்கவில்லை. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு எட்டு மாதம் நான் யாரோடும் பேசவில்லை. எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும், அப்படிப்பட்டவள் சோறு வேண்டும் என்று கேட்பதற்குக்கூட வாயைத் திறக்கவில்லை. அண்ணன்தான் சூப்பர்வைசரைப் பிடித்து என்னை வேலைக்குச் சேர்த்து, தன் எதிரிலேயே நிறுத்திக்கொண்டான். முதல் நாள் முழுக்க நான் ஊமை. இரண்டாம் நாள் மத்தியானம், விரிப்பை உதறிக்கொண்டே, "ஓணான் ஒரு கோழை பாப்பா. சம்மட்டிக்குப் பயந்துதான் தோள்பட்டை கதையைக் கட்டி விட்டாங்க" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "தோள்பட்டை போனது உன் ஆளுக்குண்ணே. பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும்" என்றேன். எட்டு மாதத்துக்கு அப்புறம் அதுதான் என் முதல் பேச்சு. அவன் மூலைகளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். அன்றைக்குத் திறந்த வாய்தான், பன்னிரண்டு வருடமாக மூடவில்லை.

எங்கள் வாதங்களை அந்தக் கூடத்தில் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். "சம்மட்டிக்கு ஆறாவது ரவுண்டுக்கு மேல கால் நகராது" என்பேன் நான். "ஆறாவது ரவுண்டு வரைக்கும் உன் ஆளு நிக்கணும்ல" என்பான். "தொட முடியாதவன எப்படி அடிப்பே?" என்றால், "தலையை ஆட்டலாம் பாப்பா, வயித்தை எங்க கொண்டுபோய் ஒளிச்சு வைப்பான்?" என்பான். புள்ளிக்கணக்கு என்று நான் ஆரம்பித்தாலே, "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான், உன் புள்ளியா உதவப்போகுது?" என்று ஒரு போடு போடுவான். தான் பிடித்த முயலுக்கு மூணே கால். உருளைச் சத்தத்தில் எல்லாரும் தொண்டை கிழியத்தான் பேசுவோம், நாங்கள் இருவரும் அதற்கும் ஒரு படி மேலே.

பன்னிரண்டாவது வருடம் உருளைக்காரர் ஓய்வு பெறுகிறார் என்று தெரிந்தது. உருளையில் நிற்பது எங்கள் கூடத்தில் பெரிய இடம். உருளைக்காரர் பெயரைச் சொல்லித்தான் அந்த ஷிப்டையே கூப்பிடுவார்கள். வரிசைப்படி அடுத்தது அண்ணன். இருபது வருடமாக அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே விரிப்பு மடித்தவன். மாதக் கடைசியில் அவர் போனதும் திங்கள்கிழமையிலிருந்து நீ நில் என்று சொல்லிவிட்டார்கள். பழகிக்கொள்வதற்காக ஒரு வாரம் தினமும் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் நின்றான்.

உருளையில் துணி சுற்றிக்கொண்டால் ஒரு மணி அடிக்கும். அடித்த உடனே கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர வேண்டும், இல்லையென்றால் துணியோடு கையும் உள்ளே போகும். அந்த வாரம் புதன்கிழமை மணி அடித்தது. எல்லாரும் நகர்ந்தார்கள். அண்ணன் மட்டும் விரிப்பைப் பிடித்தபடி நின்றான். உருளைக்காரர் ஒரு கையால் இவன் சட்டையைப் பிடித்து இழுத்து, மறு கையால் இயந்திரத்தை நிறுத்தினார். "ஏதோ யோசனையில இருந்துட்டேன்" என்றான் அண்ணன், வெட்கத்தோடு.

மறுநாள் சூப்பர்வைசர் அம்மா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க அண்ணனுக்குக் காது நல்லாக் கேக்குதா?"

எனக்கு வந்ததே கோபம். "யாரு மேடம் இப்படிக் கொளுத்திப் போட்டது?"

"யாரும் சொல்லல. நேத்து மணி அடிச்சது அவருக்குக் கேக்கலையோன்னு தோணுச்சு. நீதான் நாள் பூரா எதிர்ல நிக்கறே. நீ சொல்லு."

"பன்னெண்டு வருஷமா எங்கூட வாயாடுறாரு மேடம். நான் ஒரு வார்த்தை சொன்னா ஒம்பது வார்த்தை பதில் சொல்றாரு. காது கேக்காதவருதான் இப்படி மல்லுக்கு நிப்பாரா?"

அவர் சிரித்தார். "அதுவும் சரிதான். அப்ப நீ பொறுப்பு எடுத்துக்கறியா?"

"எடுத்துக்கறேன்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அவரும் காகிதத்தில் ஏதோ எழுதி மூடி வைத்துவிட்டார்.

இத்தனைக்கும் அண்ணி என்னிடம் இரண்டு வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். "உங்கண்ணன் என்னை மனுஷியாவே மதிக்கறதில்ல. நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கேன், அவரு பாட்டுக்கு ஜன்னலைப் பாத்துட்டே இருக்காரு. செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரி இருக்கு" என்பாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கேக்கற மாதிரி ஏதாவது பேசுங்க அண்ணி. எங்கிட்ட மட்டும் எப்படி விடிஞ்சா எழுந்தா பேசறாரு?" என்றேன். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சனிக்கிழமை வந்தது. மேசையில் நாங்கள் சேர்ந்து நிற்கிற கடைசி நாள். திங்கள் முதல் அவன் உருளையில், எனக்கு எதிரே வேறு யாரோ. காலையிலிருந்து மனசு ஒரு மாதிரியாகவே இருந்தது. பன்னிரண்டு வருடமாக ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்காதவள், போகிறவனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். சட்டை எடுத்துக் கொடுத்தால் கலர் சரியில்லை என்பான். அவன் ஆசைப்படுகிற ஒரே பொருள் என்னிடம்தான் இருந்தது. அதைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மூன்றாவது கட்டு மடிக்கும்போது அவன் மூலைகளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். என் முறை. அடுத்த விரிப்பை எடுத்து உதறினோம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னேன்: "அண்ணே, ஒத்துக்கறேன். ரெண்டு பேரும் மோதியிருந்தா உன் சம்மட்டிதான் ஜெயிச்சிருப்பான்."

அண்ணன் விரிப்பைப் பாதியாக்கினான். மறுபடி பாதியாக்கினான். நான் நடந்துபோய் என் மூலைகளை அவன் கையில் கொடுத்தேன். அவன் முறை.

"தலையை ஆட்டலாம் பாப்பா" என்றான். "வயித்தை எங்க கொண்டுபோய் ஒளிச்சு வைப்பான்?"

விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். மறுபடி என் முறை வந்ததும், "நான் தோத்துட்டேன்ணே, சம்மட்டிதான், சம்மட்டிதான்" என்றேன். "ஆறாவது ரவுண்டு வரைக்கும் உன் ஆளு நிக்கணும்ல" என்றான் அவன். முகத்தில் விளையாட்டு இல்லை. வழக்கமான உற்சாகம்தான் இருந்தது, எனக்கு எதிராக வாதாடுகிற உற்சாகம்.

அடுத்த முறை, "அண்ணே, கூரை இடிஞ்சு விழுது, ஓடு" என்றேன். பக்கத்து மேசைக்காரி திடுக்கிட்டு மேலே பார்த்தாள். அண்ணன், "மூச்சு வாங்கும்ல உன் ஓணானுக்கு?" என்று கேட்டான். அதற்கடுத்த முறை நான் சத்தமே போடவில்லை. சும்மா வாயை மட்டும் அசைத்தேன். விரிப்பு மடிந்து, மூலைகள் அவன் கைக்குப் போயின. புள்ளியா உதவப்போகுது என்று அவன் ஆரம்பித்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூலைகள் கைக்கு வந்தால் பேச வேண்டும், என்ன பேச வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாக நானும் அதே பத்து வாதத்தைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். இதை நம்பித்தான் நான் பொறுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

டீ இடைவேளையில் அவனை இழுத்துக்கொண்டு துணி அடுக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அவன் இடது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினேன். "எத்தனை நாளா?"

அவன் கதவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "ரெண்டு வருஷம் இருக்கும்" என்றான். "மொதல்ல வலது. இப்ப இதுவும் போகுது. கத்துனா கொஞ்சம் கேக்கும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கீழ அனுப்பிருவாங்க."

கீழே என்றால் அழுக்குத் துணி பிரிக்கிற அறை. இயந்திரம் கிடையாது, மணி கிடையாது. மூட்டை மூட்டையாக வரும் துணியை ஒற்றை ஆளாக நின்று பிரித்துப் போட வேண்டும்.

"கை போயிடும்ணே. புதன்கிழமையே போயிருக்கும்."

"இனிமே பக்கத்துல இருக்கறவங்களைப் பாத்துப்பேன். அவங்க நகந்தா நானும் நகந்துப்பேன். நீ மட்டும் வாயைத் திறக்காதே." என் கையைப் பிடித்துக்கொண்டான். "இருபது வருஷமா காத்துட்டிருக்கேன் பாப்பா. நீ எட்டு மாசம் பேசாம கெடந்தப்ப நான் உன்னை விட்டுட்டேனா?"

அப்படி அவன் எதையும் சொல்லிக்காட்டியது கிடையாது. அவ்வளவு பயந்துபோயிருந்தான். எனக்கு அவன்மேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம். இரண்டு வருடம் எதிரிலேயே நின்றும், பதில் வருகிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். கையை உதறிக்கொண்டு நேராக சூப்பர்வைசர் அறைக்குப் போனேன். அவனும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றான்.

"மேடம், வியாழக்கிழமை நான் சொன்னது தப்பு. எங்கண்ணனுக்குக் காது கேக்காது. உருளையில நிறுத்தாதீங்க."

அவர் என் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்தார். அண்ணன் அங்கேதான் நின்றிருந்தான், நாலே அடி தள்ளி. ஒரு வார்த்தையும் அவன் காதில் விழவில்லை. என் முதுகைப் பார்த்தே நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொண்டு தலையைக் குனிந்தான்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. காது டாக்டர் பார்த்தார். இயந்திரச் சத்தத்திலேயே இத்தனை வருடம் நின்றதில் நரம்பு கெட்டுவிட்டது என்றார். காதில் மாட்டுகிற கருவி ஒன்று கொடுத்தார்கள். அமைதியான இடத்தில் அது கொஞ்சம் உதவும், உருளைப் பக்கம் போனால் இரைச்சலைத்தான் பெரிதாக்கும். உருளை வேறு ஒருவருக்குப் போனது. அண்ணனைக் கீழே அனுப்பினார்கள். விஷயம் தெரிந்ததும் அண்ணி அழுதாள். "மதிக்கலைன்னு நெனச்சு எவ்வளவு ஏசிட்டேன். அதுவும் கேட்டிருக்காது" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது என்று எனக்குத் தோன்றியது.

அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். வீட்டுக்குப் போனால் எழுந்து உள்ளே போவான். பேருந்தில் எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்துகொள்வான். நானும் ரோஷக்காரிதான், ஆனால் இதில் ரோஷம் காட்ட எனக்கு யோக்கியதை இல்லை. தினமும் டீ இடைவேளையில் இரண்டு டம்ளரோடு கீழே போவேன். ஒன்றை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, இன்னொன்றை நான் குடித்துவிட்டு மேலே வந்துவிடுவேன். அவன் குடித்தானா இல்லையா என்று திரும்பிப் பார்க்க மாட்டேன்.

மூன்று வாரம் இப்படியே ஓடியது. ஒரு நாள் டம்ளரை வைத்துவிட்டு நான் திரும்பியபோது, "இரு" என்றான்.

நின்றேன். மூட்டையை ஓரமாகத் தள்ளி எனக்கு உட்கார இடம் கொடுத்தான். கருவியைக் காதில் சரியாக அழுத்திக்கொண்டான்.

"அன்னைக்கு, கடைசி நாளு, மேசையில ஏதோ சொன்னே. வழக்கமா சொல்றது இல்ல அது. உன் வாய் வேற மாதிரி அசைஞ்சுது. சிரிச்சுக்கிட்டே சொன்னே. மூணு வாரமா யோசிக்கிறேன், பிடிபடல. என்ன சொன்னே?"

ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். ஓணான்தான் ஜெயிப்பான்னு சொன்னேன் என்றால் முடிந்தது, அவனும் நம்பியிருப்பான். ஆனால் இவன் விஷயத்தில் தெரியாததைத் தெரிந்த மாதிரி ஒரு தடவை சொல்லிவிட்டு நான் பட்டது போதும்.

"மோதியிருந்தா உன் சம்மட்டிதான் ஜெயிச்சிருப்பான்னு சொன்னேன்ணே" என்றேன். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் முட்டியது.

அவன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "திரும்பச் சொல்லு."

"சம்மட்டிதான் ஜெயிச்சிருப்பான்."

ஆறிக்கொண்டிருந்த டீயை எடுத்து ஒரு வாய் குடித்தான். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினான்.

"இப்ப நீ அழுதுக்கிட்டே சொல்றே பாப்பா, இது செல்லாது. அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டே சொன்னே பாரு, அதுதான் செல்லும். அது எனக்குக் கேக்கல."